அனுப்பியவளுக்குக் கால் பங்கு

பிப்ரவரி 3

தங்கைக்கு,

இது சமாதானக் கடிதம் இல்லை. அப்படி நினைத்து உறையைப் பிரித்திருந்தால் இப்போதே மூடி வைத்துவிடு. இது ஆபீஸ் கடிதம். போனில் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் நீ ‘ஹலோ’ சொன்ன மறுநிமிஷமே மூன்று வருஷத்துப் பழைய கதை வந்து நடுவில் உட்கார்ந்துகொள்ளும். எழுதினால் எழுதியதோடு போகும்.

இதோடு ஒரு ரெஃபரல் படிவம் வைத்திருக்கிறேன். உன் ஊரில் வீடு வாங்கப் போகிற ஒருத்தியை உன்னிடம் அனுப்புகிறேன். நீ அவளுக்கு ஏஜென்ட்டாக இருந்து வீட்டை முடித்துக் கொடு. சாவி கைக்கு வந்த பிறகு, உங்கள் ஆபீசுக்கு வரும் கமிஷனில் கால் பங்கு எங்கள் ஆபீசுக்கு வர வேண்டும். வீடு முடியாவிட்டால் உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை. இதெல்லாம் உனக்குத் தெரியாததா? தெரிந்தும் யாராவது கண்ணைக் கசக்கினால் கமிஷனைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வருகிறவள் நீ என்பதால் எழுதுகிறேன். கால் என்றால் கால்.

வாடிக்கையாளர்: என் மகள்.

தேவைகள் என்று படிவத்தில் இரண்டே வரிதான் இடம் விட்டிருக்கிறார்கள். போதவில்லை. பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

நான் அனுப்பினேன் என்று அவளிடம் சொல்லாதே. நீயாகக் கேள்விப்பட்டுக் கூப்பிட்ட மாதிரி கூப்பிடு. கையெழுத்துப் போட்டு ஒரு பிரதி திருப்பி அனுப்பு.

அக்கா


பிப்ரவரி 10

கறார்க்கார அக்காவுக்கு,

மூன்று வருஷம் கழித்து எனக்கு ஒரு கடிதம் வருகிறது, அதுவும் மூன்று பிரதிகளில். உன்னைத் தவிர வேறு யாருக்கு இந்தச் சாமர்த்தியம் வரும்!

பெற்ற மகளை அனுப்பி வைத்து அவள் தலையில் கால் பங்கு கேட்கிறாய். எங்கள் ஆபீஸில் கணக்குப் பார்க்கும் அம்மா படிவத்தைப் பார்த்துவிட்டு, “இது யாரு, உங்க எதிரியா?”ன்னு கேட்டார். “இல்லைங்க, கூடப் பிறந்தவ”ன்னு சொன்னேன். அவர் படிவத்தை என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

உன் மகளின் கல்யாணம் எதனால் நின்றது என்று எனக்கும் காதில் விழுந்தது. சம்பந்தியாக வரப்போகிறவர்கள் தங்கள் வீட்டை விற்றுத்தரச் சொல்லி உன்னிடம் வந்தார்களாம். நம்ம குடும்பம்தானே, கமிஷன் எதற்கு என்றார்களாம். நீ எல்லோருக்கும் என்ன சதவீதமோ அதேதான் உங்களுக்கும் என்று முகத்துக்கு நேரே சொன்னாயாம். வார்த்தை தடித்து, நிச்சயமான கல்யாணம் காற்றில் போனது. “கமிஷனுக்காக என் வாழ்க்கையையே பேரம் பேசிட்ட”ன்னு அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அதற்குப் பிறகும் அவள் பெயரைப் போட்டு ஒரு படிவம் நிரப்ப உனக்குக் கை வந்திருக்கிறது பார்.

சரி, ஆபீஸ் கடிதத்துக்கு ஆபீஸ் பதில். உன் படிவம் செல்லாது. உன் மகள் மிளகு போன மாதமே என் ஆபீஸ் கதவைத் தள்ளிக்கொண்டு தானாக வந்தாள். நான் ஆடிப்போனேன். “சித்தி, எனக்கு ஒரு வீடு பாத்துத் தர்றியா?”ன்னு கேட்டாள், அவ்வளவுதான். தானாக வந்த ஆளுக்கு யாரும் ரெஃபரல் கேட்க முடியாது. அப்படியே நான் கையெழுத்துப் போட்டாலும், ‘உன் அம்மாவுக்கு இதில் ஒரு பங்கு போகிறது’ என்று வாடிக்கையாளரிடம் சொல்லியாக வேண்டும். அது சட்டம். சொல்லாதே என்று நீ எழுதியிருக்கிறாய். அது எனக்கு முடியாது.

படிவத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்புகிறேன். பின்பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அவள் நன்றாக இருக்கிறாள். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

தங்கை


பிப்ரவரி 17

தங்கைக்கு,

உன் கடிதத்தை ஆபீஸில் படித்தேன், வீட்டுக்கு வந்து மறுபடியும் படித்தேன். ‘நன்றாக இருக்கிறாள்’ என்ற வரியை மட்டும் அவளுடைய அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன்.

உன் அத்தானோடு அவள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் பேசுகிறாள். என்னோடு இல்லை. நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருப்பேன். மனுஷன் எனக்குக் கேட்கட்டும் என்று, காது சரியாகக் கேட்கவில்லை, ஸ்பீக்கரில் போடுகிறேன் என்று அவளிடம் ஒரு பொய் சொன்னார். அவளோ நாள் முழுக்க ஊராரின் காதைப் பரிசோதிக்கிற வேலையில் இருப்பவள். “அப்பா, இதை அப்படியே விடக்கூடாது, இங்க வாங்க, டெஸ்ட் எடுத்துடலாம்”ன்னு வாராவாரம் அவரைப் பிடித்துக்கொள்கிறாள். பாவம், இல்லாத செவிட்டுக்கு இவர் என்ன பதில் சொல்வார்? வீடு பார்க்கிற விஷயம் எனக்குத் தெரிந்தது அந்த ஸ்பீக்கரில்தான்.

இப்போது கால் பங்கு. எனக்குப் பணம் எதற்கு என்று நீ ஒரு நிமிஷமாவது யோசித்தாயா? யோசித்திருக்க மாட்டாய், அதற்குள் கோபம் வந்திருக்கும். ரெஃபரல் அனுப்பினால் வாங்கிக்கொண்ட ஏஜென்ட் என்ன செய்ய வேண்டும்? என்ன வீடு காட்டினேன், அவளுக்குப் பிடித்ததா, விலை பேசினோமா, சாவி எப்போது என்று கட்டம் கட்டமாக அனுப்பியவளுக்குத் தகவல் சொல்ல வேண்டும். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அம்மா என்ற முறையில் எனக்கு இன்றைக்கு எதையும் கேட்கிற உரிமை இல்லை. அனுப்பியவள் என்றால் இருக்கிறது. வேறு எந்த வழியாக நான் அவள் வீட்டு வாசல் வரைக்கும் போக முடியும், சொல்.

பத்து சதவீதம் என்று போட்டிருந்தால் உனக்குச் சந்தேகம் வந்திருக்கும். நான் எதையும் குறைக்கிறவள் இல்லையே. அதனால் வழக்கம்போல இருபத்தைந்து போட்டேன்.

சம்பந்தி விஷயத்தையும் எழுதிவிடுகிறேன், நீ அரைகுறையாகக் கேள்விப்பட்டிருக்கிறாய். அவர்கள் கேட்டது தள்ளுபடி இல்லை. இலவசம். அதுவும் கேட்கக்கூட இல்லை, “நீங்கதானே பாத்துக்கப்போறீங்க”ன்னு சொல்லிவிட்டு காப்பியை எடுத்துக் குடித்தார்கள். என் உழைப்புக்கு விலையே இல்லை என்று இவ்வளவு சாவகாசமாக நினைக்கிறவர்கள், நாளைக்கு அந்த வீட்டில் என் மகளின் உழைப்பை என்னவென்று நினைப்பார்கள்? அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சதவீதம் சொல்லத்தான் வந்தது.

படிவம் செல்லாது என்றால் செல்லாமல் போகட்டும். அவளைப் பற்றி எழுது.

அக்கா


பிப்ரவரி 26

அக்கா,

ஆபீஸில் டீ போடுகிற இடத்தில் நின்று உன் கடிதத்தைப் படித்தேன். மூக்கு சிவந்துவிட்டது. கணக்கம்மா பார்த்துவிட்டு, “எதிரிகிட்ட இருந்தா?”ன்னு கேட்டார். தலையாட்டினேன்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். எங்கள் மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். “தானா வந்த கஸ்டமருக்கு எதுக்கும்மா ரெஃபரல்?”ன்னு கேட்டார். “என் பங்கிலிருந்து கொடுக்கிறேன், உங்க பங்கு குறையாது”ன்னு சொன்னேன். இந்த வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது எனக்குப் புதிதா என்ன. இனிமேல் சட்டப்படி நீ அனுப்பியவள், நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவள்.

முதல் அறிக்கை. சனிக்கிழமை மூன்று வீடுகள் பார்த்தோம். நீ எழுதியபடியே தரைத் தளம்தான் வேண்டும், செடி வைக்க வேண்டும் என்று ஆரம்பித்தாள். ‘தரைத் தளம் கேட்பாள், ஆனால் அவளுக்குச் சத்தம் ஆகாது’ என்று நீ படிவத்தின் பின்பக்கம் எழுதியதை நான் மனதில் வைத்துக்கொண்டு, மேலே ஆள் இருக்கிற வீட்டில் காலடிச் சத்தம் கேட்குமே என்று சும்மா போகிற போக்கில் சொன்னேன். ஒரு நிமிஷம் யோசித்தாள். “ஆமா சித்தி, தலைக்கு மேல யாராவது நடந்தா எனக்குத் தூக்கம் போயிடும்”னாள். மேல் மாடி என்று முடிவாகிவிட்டது. நீ இதைப் படிக்கும்போது உன் முகத்தில் வருகிற பெருமையை இங்கிருந்தே பார்க்க முடிகிறது.

சாம்பல் நிறச் சட்டை போட்டிருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டிருக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறது. மூன்றாவது வீட்டுக்காரர் குளியலறைக்குப் பூட்டில்லை என்பதை மறைப்பதற்காகக் கதவை முதுகால் சாத்திக்கொண்டு நின்றார். வெளியே வந்ததும் அவள் சிரித்த சிரிப்பில் தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆனால் ஒன்று. வீடு பிடித்து விலை பேசுவதற்கு முன்னால் உன் பங்கைப் பற்றி அவளிடம் நான் சொல்லத்தான் வேண்டும். சட்டத்துக்காக மட்டும் இல்லை. அவளுக்கு முதுகுக்குப் பின்னால் நாம் இரண்டு பேர் எழுதிக்கொண்டிருப்பது எனக்கு உறுத்துகிறது.

தங்கை


மார்ச் 4

தங்கைக்கு,

சொல்லாதே. கையெடுத்துக் கும்பிடுகிறேன், இப்போது சொல்லாதே.

அவளை உனக்குத் தெரியாது. என் நிழல் படுகிறது என்று தெரிந்தால் எவ்வளவு பிடித்த வீடாக இருந்தாலும் வேண்டாம் என்று எழுந்து போய்விடுவாள். உன்னையும் விட்டுவிடுவாள். இப்போது அவளுக்கு அந்த ஊரில் இருக்கிற ஒரே சொந்தம் நீ. என்னால் அதையும் அவள் இழக்க வேண்டுமா? வீடு முடியட்டும். கடைசிக் கையெழுத்தன்று மற்றக் காகிதங்களோடு இதையும் வை.

முடியை வெட்டிக்கொண்டாள் என்று எழுதியிருந்தாய். கழுத்து வரைக்குமா, காது வரைக்குமா?

இரண்டு விஷயம் பின்பக்கத்தில் விட்டுப்போனது. மாடி வீடு என்றாலும் பக்கத்துச் சுவரைக் கவனி. தண்ணீர் மோட்டார் ஓடினால் சுவர் வழியாக உறுமும். படுக்கையறைச் சுவரில் காதை வைத்துப் பார். இன்னொன்று, சமையலறை அலமாரிகள். அவள் இடது கைக்காரி என்பது உனக்கு நினைவிருக்கும். கதவுகள் தப்பான பக்கம் திறந்தால் அவளுக்குக் கை குறுக்கே போய், கதவு முகத்தில் இடிக்கும். சின்ன வயதில் ஒருநாள் உதடு கிழிந்து ரத்தமாக வந்து நின்றாள். அன்றைக்கே ஸ்க்ரூடிரைவரை எடுத்து எங்கள் அலமாரிக் கதவுகளை எல்லாம் கழற்றி, கீலை மறுபக்கம் மாற்றிப் பொருத்தினேன். இன்றைக்கு வரைக்கும் உன் அத்தான் சர்க்கரை எடுக்கப் போய் முகத்தில் இடித்துக்கொள்கிறார். நான் மாற்றவில்லை. வீடு பார்க்கும்போது இடது கையால் திறந்து பார்.

சொல்லாதே.

அக்கா


மார்ச் 15

அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி.

வீடு கிடைத்தது. நான்காவது மாடி, அதற்கு மேலே மொட்டை மாடிதான். இரண்டு அறை, செடி வைக்க அகலமான பால்கனி. உள்ளே நுழைந்ததும் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு அறை அறையாக நடந்தாள். வீடு பிடித்தவர்கள் அப்படித்தான் நடப்பார்கள் என்று நீதான் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தாய்.

நான் உன் பேச்சைக் கேட்டு படுக்கையறைச் சுவரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றேன். விற்பவர் தரப்பு ஏஜென்ட் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சமையலறைக்குப் போய் ஒவ்வொரு அலமாரியாக இடது கையால் திறந்தேன். எல்லாமே அவளுக்குத் தப்பான பக்கம். திரும்பினால் மிளகு வாசலில் நிற்கிறாள்.

“சித்தி, நீ வலது கைக்காரிதானே?”

“ஆமா.”

“அப்ப எதுக்கு எல்லாத்தையும் இடது கையால திறக்குற?”

எனக்குப் பொய் வராது என்பது உனக்குத் தெரியும். கையும் களவுமாகப் பிடிபட்டேன். கீழே ஒரு டீக்கடையில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். படிவம், கால் பங்கு, பின்பக்கம். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “அந்தக் கால் பங்கு எங்க இருந்து போகுது? நான் கொடுக்குற விலையிலயா?” இல்லை என்று புரியவைக்க ஒரு பிஸ்கட்டை எடுத்தேன். விற்பவர் கொடுக்கும் கமிஷன் இது. பாதி அவருடைய ஏஜென்ட் பக்கம், பாதி நம் பக்கம். நம் பாதியில் கால் துண்டு முதலில் உங்கம்மா ஆபீசுக்கு. அங்கே அவர்கள் ஒரு கடி கடித்துவிட்டுத்தான் உங்கம்மாவுக்குத் தருவார்கள். மிச்சத்தில் என் ஆபீஸ், தன் பங்கு குறையாமல், ஒரு பெரிய கடி. கடைசியில் எனக்கு இதோ, இந்தத் தூள். உன் விலையில் ஒரு பைசாகூட ஏறாது என்றேன்.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் பிஸ்கட் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள். “அம்மாவுக்கு என்னைப் பத்தித் தெரிஞ்சிக்கக்கூட ஒரு பர்சென்டேஜ் வேணும்ல?”ன்னு சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை. வேலை செய்கிற இடத்துக்குப் போனேன். உள்ளே பரிசோதனை நடக்கிறது, பார்க்க முடியாது என்றார்கள். அந்த வீட்டுக்கு வேறு ஒருவரும் விலை சொல்லியிருக்கிறார். விற்பவர் அடுத்த வாரத்துக்குள் பதில் வேண்டும் என்கிறார்.

உன்னைத் திட்டி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. காது வரைக்கும் வெட்டியிருக்கிறாள், அக்கா. கேட்டிருந்தாயே.

தங்கை


மார்ச் 18

தங்கைக்கு,

ரெஃபரலை ரத்து செய்து ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். எங்கள் ஆபீஸ் கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறது. கால் பங்கு வேண்டாம், அரைக்கால் வேண்டாம், எதுவும் வேண்டாம். அதை எடுத்துக்கொண்டு போய் அவள் கையில் கொடு. உங்கம்மாவுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை, வீட்டை விட்டுவிடாதே என்று சொல். அந்த இன்னொருவர் அதிக விலை சொன்னால் எவ்வளவு வித்தியாசம் என்று எனக்குத் தகவல் அனுப்பு. என்னால் ஆனதை அவளுக்குத் தெரியாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். இல்லை, அதுவும் வேண்டாம். தெரியாமல் எதையும் செய்யப் போவதில்லை. செய்ததே போதும்.

இருபது வருஷத்தில் நான் விட்டுக்கொடுக்கிற முதல் கமிஷன் இது. உன்னிடம்தான் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது பார். நீ சிரிக்கலாம்.

நாம் ஒரே ஆபீஸில் இருந்தபோது வீடு வாங்க வந்த அந்தப் பள்ளி வேன் டிரைவரை உனக்கு நினைவிருக்கும். நம் இரண்டு பேருக்கும் சண்டை வந்ததே அவரால்தானே. அவருக்குப் பணம் பற்றவில்லை என்று கையெழுத்துப் போடுகிற மேஜையிலேயே உன் கமிஷனோடு என் கமிஷனையும் சேர்த்துக் குறைத்துவிட்டு வந்தாய், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல். நானும் ஆபீஸில் எல்லோருக்கும் முன்னால் உன்னைப் பேசக்கூடாததெல்லாம் பேசினேன். உனக்கு எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அந்த மனிதர் இன்றைக்கு வரைக்கும் எனக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறார். தன் வேனில் பிள்ளைகளை அனுப்புகிற பெற்றோர் யார் வீடு தேடினாலும் என் பெயரைத்தான் சொல்கிறார். ஏஜென்ட் லைசென்ஸ் இல்லாதவருக்கு நான் ஒரு பைசா கொடுக்க முடியாது. அவரும் கேட்டதில்லை. “உங்க தங்கச்சி நல்லா இருக்காங்களா?”ன்னு மட்டும் கேட்பார். நல்லா இருக்கா என்பேன். எனக்கு எப்படித் தெரியும், சொல்.

அவள் கேட்டது நியாயம். தெரிந்துகொள்ள எனக்கு ஒரு சதவீதம் தேவைப்பட்டது. சும்மா போனை எடுத்து, மிளகு, எப்படிடீ இருக்கே என்று கேட்க எனக்குத் தெரியவில்லை. எல்லோருக்கும் வருகிறது, எனக்கு வரவில்லை.

இனிமேல் எனக்கு அறிக்கை எழுத வேண்டியதில்லை. வீடு அவளுக்குக் கிடைத்ததா என்று மட்டும் உன் அத்தானிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு.

அக்கா


மார்ச் 29

அக்கா,

உன் ரத்துக் கடிதம் வந்தது. இதோடு திருப்பி அனுப்புகிறேன், நான்காகக் கிழித்து. கிழித்தது நான் இல்லை.

கடிதம் வந்த அன்றைக்கே அவள் வேலை முடிந்து வரும் வாசலில் போய் நின்றுகொண்டேன். மழை தூறிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். குடையை என் பக்கம் சாய்த்தாள். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து உன் கடிதத்தை, முத்திரை போட்டதையும் போடாததையும், இரண்டையும் கொடுத்தேன். உன்னைக் கேட்காமல்தான் கொடுத்தேன். நான் அப்படித்தான், உனக்குத் தெரியும்.

இரண்டு பஸ்களை விட்டுவிட்டாள். படித்து முடித்துவிட்டு, “சித்தி, நான் எப்படி உன்கிட்ட வந்தேன்னு நீ கேக்கவே இல்லையே”ன்னாள்.

“தானா வந்தே.”

“நானா? மூணு வருஷமா உன்கிட்ட யாரும் பேசல. உன் ஆபீஸ் எந்தத் தெருன்னுகூட எனக்குத் தெரியாது. அன்னைக்கு நான் பெட்டியை எடுத்துட்டு வாசல்ல இறங்கும்போது அம்மா பின்னாடியே வந்து கத்தினாங்க. ‘எங்க வேணாலும் போ, என்கிட்ட பேச வேணாம். ஆனா வீடு கீடு வாங்குறதுன்னா என் தங்கச்சிகிட்ட போ. அவளுக்குப் பேரம் பேசத் தெரியாது, ஆனா யாரையும் ஏமாத்தத் தெரியாது’ன்னு. தெருவே வேடிக்கை பாத்துச்சு. அப்ப என்னை அனுப்பினது யாரு?”

அக்கா, நீ இப்படிச் சொன்னாயா? என்னோடு பேச்சை நிறுத்திவிட்டு, என்னைப் பற்றித் தெருவில் நின்று இப்படிச் சொன்னாயா? உனக்கு அது நினைவிலாவது இருக்கிறதா? நான் பஸ் நிறுத்தத்தில் சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். அவள்தான் கைக்குட்டை கொடுத்தாள்.

இன்னொன்றும் சொன்னாள். “அப்பாவுக்குக் காது நல்லாத்தான் கேக்குது. எனக்கு அதுதானே வேலை, தெரியாதா? எதுக்கு ஸ்பீக்கர்ல போடுறார்னும் தெரியும். பக்கத்து ரூம்ல துணி மடிக்கிற சத்தம் கேக்கும், நான் பேச ஆரம்பிச்சதும் நின்னுடும். வீடு பாக்குறதை அப்பாகிட்ட எதுக்குச் சொன்னேன்னு நெனைக்குற?”

சம்பந்தி விஷயத்தில் நீ பயந்தது என்ன என்று இப்போதுதான் நான் சொன்னேன். “அதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். ஆனா போயிருக்க மாட்டேன்”னாள்.

பிறகு உன் ரத்துக் கடிதத்தை எடுத்து நிதானமாகக் கிழித்தாள். பங்கு விவரம் தெரியும் என்கிற காகிதத்தில் என் முதுகை மேஜையாக வைத்துக்கொண்டு இடது கையால் கையெழுத்துப் போட்டாள். “அம்மாவுக்குச் சேர வேண்டிய கால் பங்குல ஒரு பைசா குறைக்காத சித்தி. குறைச்சு வாங்கினா அது எங்கம்மாவே இல்ல.”

மறுநாள் காலையிலேயே விலை பேசினோம். அந்த இன்னொருவர் பின்வாங்கிவிட்டார். வீடு அவளுக்குத்தான். ஏப்ரல் ஒன்பதாம் தேதி கடைசியாக ஒரு முறை வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு சாவி வாங்குகிறோம்.

அறிக்கை முடியவில்லை. ஒரு தச்சரைக் கூட்டிப் போயிருந்தேன், அலமாரிக் கதவுகளை மாற்றுவது அரைநாள் வேலைதான் என்றார். மிளகு வேண்டாம் என்று அனுப்பிவிட்டாள். “சாவி வாங்குற அன்னைக்கு, அனுப்பினவங்க வந்து பாக்கக் கூடாதுன்னு ஏதாவது ரூல் இருக்கா?”ன்னு என்னைக் கேட்டாள். அப்படி எதுவும் இல்லை என்றேன். “அப்ப நீயே எழுதிடு. நான் போன் பண்ணா அழுதுடுவேன்”னாள்.

எழுதிவிட்டேன்.

தங்கை


ஏப்ரல் 2

என் தங்கத்துக்கு,

தெருவில் என்ன கத்தினேன் என்று எனக்குச் சத்தியமாக நினைவில்லை. அவளுடைய அப்பாவைக் கேட்டேன். “நல்லா நெனைவிருக்கு. நாலு வீடு தள்ளி இருந்தவங்களுக்கும் நெனைவிருக்கும்”னார். என் வாயிலிருந்து நல்லது ஒன்று வந்திருக்கிறது, எனக்கே தெரியாமல்.

எட்டாம் தேதி ரயிலில் இரண்டு பேரும் வருகிறோம். அவர் காதைப் பரிசோதிக்க வருகிறாராம், அப்படித்தான் அவளிடம் சொல்லச் சொல்கிறார். உன் வீட்டில் தங்கிக்கொள்கிறோம். நீ எனக்காக எதையும் ஒழுங்குபடுத்த வேண்டாம், எப்படியும் நான் வந்து மறுபடி அடுக்குவேன். ஸ்டேஷனில் என்னைப் பார்த்ததும் நீ அழக் கூடாது. நீ அழுதால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

கால் பங்கை முழுதாகவே வாங்கிக்கொள்கிறேன். அவள் சொன்ன பிறகு குறைப்பதற்கு நான் யார்?

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. அவர் வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டார். நான் பக்கத்து அறையில் துண்டை மடித்துக்கொண்டிருந்தேன். அவள் அப்பாவோடு பேசிக்கொண்டே வந்து, நடுவில் நிறுத்தி, “அம்மா, அந்த ஸ்க்ரூடிரைவர் இன்னும் இருக்கா?”ன்னு கேட்டாள்.

இருக்குடீ என்றேன். அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. போனை வைக்கவும் இல்லை.

ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் துருவைத் துடைத்து, பெட்டியில் புடவைகளுக்கு மேலே வைத்திருக்கிறேன்.

அக்கா